உரித்து நீட்டிய பழம்

அவர் யாருக்கும் வாழைப்பழத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனதில்லை. உரித்துத்தான் கொடுப்பார். தோலைப் பாதிவரை இறக்கி, ஒட்டியிருக்கும் நாரைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நம் வாய்க்கு நேரே நீட்டுவார். வாங்கிக்கொண்டால் போதாது, கடிக்க வேண்டும். கடித்தாலும் போதாது, விழுங்க வேண்டும். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "ம்" என்று நகர்வார்.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டின் பின்பாதிக்கு நாங்கள் குடிவந்த அன்றே எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பெட்டிகளைக்கூட இறக்கவில்லை. என் கணவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். எங்கள் மகளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. "வழி பூரா வெயிலு. சூடு புடிச்சிருக்கும், துன்னு தங்கச்சி" என்று பழத்தை நீட்டினார். எனக்கு அப்போது பசியில்லை. "அப்புறம் சாப்பிடறேண்ணே" என்றேன். அவர் கை இறங்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. சிரித்தபடியே நின்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவரும் ஒரு சொல்தாதான். சைகோனில் பல வருஷம் இருந்தவர். காக்கி அரைக்கால் சட்டை, முறுக்கிய மீசை, காலில் எப்போதும் பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் பழத்தோலின் உட்புறத்தால் தேய்த்து, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். சட்டைகளில் மட்டும் வாழைக்கறை பழுப்புப் பழுப்பாய் இருக்கும். எந்த வெளுப்புக்கும் போகாத கறை அது.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றி அவர் வைத்த வாழைகள். பூவன், மொந்தன், பேயன், ஓரத்தில் ரஸ்தாளி. பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே இருட்டாக இருக்கும். காற்று அடித்தால் இலைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ புடவையைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி சத்தம் கேட்கும். குடிவந்த புதிதில் தண்ணீர் இறைக்கப் போனால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

மலச்சிக்கல் என்றால் படுக்கப் போகுமுன் பூவன் பழம், மேலே வெந்நீர். நீர்க்கடுப்புக்குத் தண்டை இடித்துப் பிழிந்த சாறு. பெண்களுக்கு மாதாந்திரப் போக்கு அதிகமென்றால் வாழைப்பூவை மோரில் போட்டு வதக்கச் சொல்வார். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே கிடையாது. அம்மை போட்டவர்களுக்குப் படுக்க இலை. சருகில் வெற்றிலை கட்டிவைத்தால் வாடாது என்பார். பூக்காரிக்கு நாரைக் கிழித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுப்பார். தெருவில் கல்யாணம் என்றால் வாசலில் கட்டக் குலையோடு இரண்டு மரம் அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

கேட்டால் சைகோன் கதையைச் சொல்வார். அங்கே பட்டாளக் கொட்டகையில் எல்லோருக்கும் சீதபேதி. சோறு கொண்டுவந்த ஊர்க்காரக் கிழவி ஒருத்தி பழத்தை மசித்து இவர் வாயில் ஊட்டியிருக்கிறாள்.

"வலப்பக்கக் கட்டில்ல இருந்தவன் போயிட்டான். இடப்பக்கக் கட்டில்ல இருந்தவனும் போயிட்டான். நடுவுல நான் உக்காந்துருக்கேன். ஏன்?" என்று நிறுத்துவார். நாம்தான் "பழம்" என்று சொல்ல வேண்டும். சொல்கிறவரை காத்திருப்பார்.

இதையெல்லாம் கிறுக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது. தெருமுனையில் இட்லி விற்ற அம்மாள் ஒருநாள் கொதிக்கும் பானையைத் தன் தொடைமேலேயே கவிழ்த்துக்கொண்டாள். குருத்திலையாகப் பார்த்து நறுக்கி, தேங்காயெண்ணெய் தடவி, அவளைக் கிடத்தி இலை மாற்றி மாற்றிப் போட்டவர் அவர். துணி ஒட்டினால் தோலோடு உரிந்து வந்திருக்கும். இலை ஒட்டாது. அந்த அம்மாள் எழுந்து நடந்து மறுபடி இட்லி விற்றாள்.

அடுத்து என் மகள். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து குழந்தை துவண்டுபோனாள். அழக்கூடத் தெம்பில்லை, கண் உள்ளே போய்விட்டது. அவர் மொந்தன் காயை வேகவைத்து மசித்து, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரில் கரைத்து எடுத்துவந்தார். சங்கில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டு பகல் முழுக்க என் எதிரில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் அவர் காலில் விழப்போனேன். "சீ, எழுந்திரு. பழம் காப்பாத்துச்சு, நான் இல்ல" என்றார்.

இதை நான் சொல்லிவிட வேண்டும். மீதியைக் கேட்கிறவர்கள் அவரை வேறுமாதிரி நினைத்துவிடக் கூடாது.

அவர் மனைவி ரோசலி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். உயரமான, வாய்விட்டுச் சிரிக்கிற பெண். மாதா கோயிலில் பாட்டு ஆரம்பித்துவைக்கிற குரல் அவளுடையது. பிள்ளை கிடையாது. அவருக்கு அவள்தான் பிள்ளையும். சந்தைக்குப் போய் அவள் வர நேரமானால் தெருமுனைவரை போய் நிற்பார்.

எங்கள் இரண்டாவது கோடையில் ரோசலி அக்கா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சொம்பு சொம்பாக. வெயில் என்றுதான் நினைத்தோம். மழை வந்தும் தாகம் அடங்கவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய உடனே, "மறுபடியும் பசிக்குது தங்கச்சி, சிரிக்காதே" என்பாள். பிறகு ஒரு காலை, கொல்லைப்புறத்தில் அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தேன். கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, எல்லாம். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. பார்க்கப் பிடிக்காமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன். மறுநாளும் எறும்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அது சர்க்கரை வியாதி என்றார். தினமும் ஊசி. வெல்லம், சர்க்கரை, கிழங்கு, பழம் எதுவும் கூடாது. வாழைப்பழம் கூடவே கூடாது. கூடப் போயிருந்த நான் அதைக் காதால் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "வூய், முசே" என்று, பட்டாளத்தில் அதிகாரிக்கு 'ஆகட்டும் ஐயா' சொல்கிற மாதிரிச் சொன்னார். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. பயந்துபோயிருந்தார்.

உண்மையாகவே அவர் கேட்டு நடந்தார். காலையில் அவளைப் புஷ்புஷ் வண்டியில் உட்காரவைத்து, தள்ளுகிற ஆளுக்குப் பக்கத்தில் தானும் நடந்துபோய் ஊசி போட்டுக் கூட்டிவருவார். அக்காவுக்கு முகம் தெளிந்தது. கொல்லையில் எறும்பு குறைந்தது. குலைகளை அண்டை வீடுகளுக்கு அனுப்பினார்.

அப்படி ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு வந்த அக்காவுக்குச் சாப்பிட நேரமாகிவிட்டது. கிணற்றடியில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. வாய் குழறி, என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டுச் சரிந்தாள். என் கூச்சல் கேட்டு அவர் ஓடிவந்தார். பக்கத்திலிருந்த தாரில் பழுத்திருந்த ஒரு ரஸ்தாளியைப் பிய்த்து, விரலால் நசுக்கி, அவள் கன்னத்துக்குள் தடவினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சிறிது நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். "பாத்தியா தங்கச்சி? பாத்தியா?"

நான் பார்த்தேன். அதை இல்லையென்று நான் எப்படிச் சொல்ல? ஊசி போட்டதும் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அந்த மயக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது. நாங்கள் கண்டதெல்லாம் இதுதான்: ஊசி சாய்த்தது, பழம் எழுப்பியது.

மறுநாள் புஷ்புஷ் வண்டி வந்து நின்றது. அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் சன்னலும் அவர்கள் சன்னலும் எதிரெதிரே, கை நீட்டினால் எட்டும். காலையில் பழம். பத்து மணிக்குத் தண்டுச்சாறு. மத்தியானம் பழம். சாயந்திரம் பழத்தை மசித்துப் பாலில். அவளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உரித்து, நீட்டி, தொண்டையைப் பார்ப்பார். வெளியே போனால் ஒரு சீப்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். அவர் பூட்ஸ் சத்தம் தெருவில் தேய்ந்ததும், அக்கா அந்தச் சீப்பைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவாள். நான் வாங்கிக்கொள்வேன்.

"வாணாம்னு சொல்லேன்க்கா" என்றேன் ஒருநாள்.

"சொன்னேன். அந்த மூஞ்சி போற போக்கை நீ பாக்கணும். நான் அவரைச் சாவச் சொன்னாப்புல ஆயிடுது."

"நான் சொல்லட்டுமா?"

"சொன்னா உன்னை விரோதிச்சுக்க மாட்டாரு. நல்லாத்தான் பேசுவாரு. ஆனா நான் துன்றதைப் பாக்க வெளியில போகாம இங்கேயே உக்காந்துக்குவாரு. அப்புறம் இந்தச் சன்னலும் இல்ல."

என் கணவரைவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் என் கணவருக்கும் ஒரு பழம் உரித்தாராம்.

சில நாள் அந்தச் சீப்பு சன்னலுக்கு வராது. வியாதியின் பசி அப்படி. "இன்னிக்கு நானே துன்னுட்டேன். வாய் கேக்கலை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். கால்விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. அதற்கும் குருத்திலை கட்டினார். அவளை நான் அணைத்துத் தூக்கி உட்காரவைத்தபோது விறகுக்கட்டு மாதிரி இருந்தாள்.

கடைசி வாரம் அவள் மூச்சில் ஒரு வாசனை வந்தது. கனிந்து, தோல் கறுத்து, ஈ உட்காரும் நிலைக்கு வந்த பழத்தின் வாசனை. அறைக்குள் நுழைந்ததுமே அடித்தது. அவர் அவள் வாயருகே குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"பழ வாசனை வருது பாரு. உள்ள போனது வேலை செய்யுது."

நான் அன்றே என் கணவரை ஆஸ்பத்திரிக்கு ஓடவிட்டேன். டாக்டர் வந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. அந்த வாசனை பழத்தால் வந்ததில்லை, சர்க்கரை முற்றினால் வருவது என்றார். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, ஓடிவந்தவளுடையதுபோல் இருந்தது. மறுநாள் காலை கோயில் மணி அடிக்கையில் அதுவும் நின்றது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிற்பகல், அவர் கிணற்றடியில் என்னிடம் வந்தார். மீசை முறுக்கு இல்லாமல் தொங்கிக் கிடந்தது.

"ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. நினைவு தப்புறதுக்கு முன்னால அவ எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. சன்னல் வழியா உங்கிட்ட குடுத்தது."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"அவ்வளவும் உள்ள போயிருந்தா பொழச்சிருப்பா. உனக்குத் தெரியாது, சின்னப் பொண்ணு. அவ குடுத்தா, நீ வாங்கிக்கிட்ட." என் தலையில் கை வைத்தார். "நான் உன்னை மன்னிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தக் கை அவ்வளவு மெதுவாக என் தலைமேல் இருந்தது.

"டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கலாமேண்ணே" என்று எப்படியோ சொன்னேன்.

"டாக்டருக்கு அவமேல என்னைவிட ஆசையா?" என்றார். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல என்னைப் பார்த்தார்.

சில மாதம் மரங்கள் கவனிப்பாரில்லாமல் நின்றன. பிறகு ஒருநாள் அவர் தாரை வெட்டி இறக்குவதைப் பார்த்தேன். மீசை மறுபடி முறுக்கியிருந்தது.

"மதலேனுக்கும் அதே தொந்தரவாம். நாளைக்கு நோணாங்குப்பம் போயி கூட்டியாறேன். இந்தத் தடவை ஒரு பழம்கூட வெளிய போவாது, நானே கூட இருந்து பாத்துக்குவேன்."

மதலேன் ரோசலி அக்காவின் தங்கை. கல்யாணமாகாதவள், தோணி ஓட்டும் அண்ணன் வீட்டில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். அக்காவின் அடக்கத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன். அதே உயரம், அதே சிரிப்பு.

"நமக்கு எதுக்கு? அவர் வீட்டில் குடியிருக்கிறோம். நம் குழந்தையைக் காப்பாற்றியவர்" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மறுநாள் காலை நான் குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு குதிரை வண்டி பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டி ஏற்கெனவே அந்த வீட்டு வாசலில் நின்றது. மதலேன் துணிமூட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். முகம் ஒட்டிப்போய், உதடு வெடித்து, மடியில் ஒரு சொம்பு. அவர் வண்டிப் படியில் நின்று பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தங்கச்சி, நீயும் வந்துட்டியா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

நான் மதலேனைப் பார்த்து, "எறங்கு. நீ போவ வாணாம்" என்றேன்.

அவள் அண்ணன் அதட்டினார். "யாரும்மா நீ? மாப்பிள்ள தானா முன்வந்து பாத்துக்கறேங்குறாரு. இங்க இவளை வெச்சு யாரு பாக்கறது?" உள்ளேயிருந்து அண்ணியும், "ராவும் பகலும் தண்ணி மொண்டு குடுக்க எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

"அவரு பாத்துக்குவாரு. பழம் குடுத்துப் பாத்துக்குவாரு. அக்காவுக்கு ஊசியில உடம்பு தேறுச்சு. அதை நிறுத்திப்புட்டுப் பழம் குடுத்தாரு. அப்புறம்தான் செத்துப்போச்சு. நான் சன்னல்ல நின்னு பாத்தேன். அக்கா சன்னல் வழியா குடுத்ததை நான்தான் வாங்கிக்கிட்டேன்."

வாசலில் கூடியிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து, என் மகளின் கன்னத்தைத் தொட்டார். அவள் சிரித்தாள்.

"இந்தப் பொண்ணு எதுல பொழைச்சா, தங்கச்சி? எல்லார் முன்னாலயும் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வாய் வரவில்லை.

"வாழைக்காயிலதான் பொழைச்சா. நீங்கதான் குடுத்தீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. "இவளுக்கு வந்தது வேற, அக்காவுக்கு வந்தது வேறண்ணே. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு."

அவர் கையிலிருந்த பழத்தை மதலேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க அக்கா சன்னல் வழியா எதைக் குடுத்தா?"

"அவரு வெச்சிட்டுப் போற பழத்தை."

"அவளுக்குப் பழம்னா உசிரு. அவளா வாணாம்னு குடுத்தா?"

"அவளாத்தான்."

மதலேன் மூட்டையை முதலில் கீழே போட்டாள். பிறகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. விழாமல் இருக்க முழங்கையைத் தாங்கிக்கூடக் கொடுத்தார். "உன் இஷ்டம்மா" என்றார். காலி வண்டியில் தார் மட்டும் ஆடிக்கொண்டு போனது.

அந்த மாதமே நாங்கள் வேறு தெருவுக்கு மாறிவிட்டோம். போகச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னால்தான் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க முடியவில்லை. மதலேனை எங்களோடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசியைத் தானே போட்டுக்கொள்ள அவள் பழகிய பிறகு, நோணாங்குப்பத்திலேயே தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். என் மகளின் கல்யாணத்துக்கு லேஸ் வைத்த முக்காடு பின்னித் தந்தது அவள்தான்.

அவரோ தான் சாகும்வரை வாராவாரம் நோணாங்குப்பம் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கிளம்புவார். மதலேன் வீட்டு வேலிக்கு அப்பால் நின்று, "கண்ணு, மதலேனு, ஒரு வாய் துன்னுட்டுப் போம்மா" என்று கூப்பிடுவார். அவள் வெளியே வரமாட்டாள். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, சீப்பை வேலிமேல் மாட்டிவிட்டுத் திரும்புவார். அதைப் பக்கத்து வீட்டு மாடு தின்னும்.

ஒருமுறை நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோதும் வந்தார். நாங்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "கண்ணு, மதலேனு" என்று அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. மதலேன் பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

"அவரு உள்ள வந்துடுவாருன்னு பயமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவரைப் பார்த்துப் பயமில்லக்கா. ஒரு நாள் நானே போய் வாங்கித் துன்னுடுவேனோன்னுதான் பயமா இருக்கு." அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒலகத்துல வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."